சிறுவர் கையிலுள்ள கருவியும் வீட்டிலுள்ள அச்சமும்

காரைக்காலிலிருந்து வடக்கே தரங்கம்பாடிக்குச் செல்லும் சாலையில், பிரதேசத்தின் எல்லையையொட்டி இருக்கும் ஊர் பூவம். அதைத் தாண்டினால் நண்டலாறு. அப்பால் தமிழ்நாட்டின் மயிலாடுதுறை ஜில்லா. 1954ஆம் வருஷம் நவம்பர் மாதம் 1ந் தேதி பிரெஞ்சு ஆட்சி விலகும் வரை இது அந்நிய ராஜ்யத்தின் எல்லையாக இருந்தது. இன்று ஒரே தேசத்தின் இரண்டு சர்க்கார்களுக்கு நடுவிலுள்ள எல்லை. இன்றும் அங்கே வண்டிகளை நிறுத்துகிறார்கள். மதுப் புட்டிகள் கடத்தப்படுகின்றனவா என்று சோதிக்கிறார்கள். ஆனால் அதே வண்டியில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பையனுடைய சட்டைப் பையிலுள்ள கைபேசி வழியாக, முகமறியாத மனிதன் ஒருவன் எல்லாச் சாவடிகளையும் கடந்து வந்து அவனோடு பேசிக்கொண்டிருக்கிறான். அந்த மனிதனை நிறுத்திச் சோதிக்கும் சாவடி எங்கும் இல்லை.

சில நாட்களுக்கு முன் அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் நமது காரியாலயத்துக்கு வந்தார். அவருடைய மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுக்கு எந்த விபரீதமும் நேர்ந்துவிடவில்லை. ஆனால் ஊரில் அடிபடும் பேச்சுக்களைக் கேட்டு அவர் கலங்கியிருந்தார். "கைபேசியைப் பிடுங்கி உடைத்துப் போட்டுவிடலாமா, ஐயா? அல்லது அவளுக்குத் தெரியாமல் நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வழி உண்டா?" என்று கேட்டார். நாம் அவரைத் திருப்பி ஒரு கேள்வி கேட்டோம்: "நாளைக்கே அவளுக்கு ஒரு சங்கடம் நேர்ந்தால், முதலில் யாரிடம் சொல்லுவாள்?" அவர் வெகுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "என்னிடம் சொல்லமாட்டாள். பயப்படுவாள்" என்றார்.

இந்த விஷயத்தின் சாரம் முழுவதும் அந்த ஒரு பதிலில் அடங்கியிருக்கிறது. நமது பிள்ளைகளைக் கைபேசி வழியே வஞ்சிக்கும் துஷ்டர்களுக்கு மூலதனம் எது? அவர்களுடைய சாமர்த்தியம் அல்ல. நூதன யந்திரங்களும் அல்ல. குழந்தைக்குத் தன் வீட்டாரிடத்தில் உள்ள பயமே அவர்களுடைய மூலதனம். அந்நியனைக் காட்டிலும் தகப்பனாருக்கு அதிகமாகப் பயப்படும் குழந்தை உள்ள வீட்டில், அந்நியனுக்கு ஒரு பயமும் இல்லை. இதை நமது ஜனங்கள் உணராத வரையில், எத்தனை சட்டங்கள் இயற்றினாலும் அவை பாதிப் பயனே அளிக்கும் என்பது நமது துணிபு.

கைபேசி நமது பிள்ளைகளின் கைக்கு எப்படி வந்தது என்பதை முதலில் நினைவுகூர்வோம். 2020ஆம் வருஷம் மார்ச்சு மாதம் கொரோனா நோயினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. வகுப்புக்கள் கைபேசிக்குள் புகுந்தன. கடன் வாங்கியும், நகையை அடகு வைத்தும், பெற்றோர்கள் அந்தக் கருவியை வாங்கிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடங்கள் மீண்டும் திறந்தன. கருவி மாத்திரம் பிள்ளைகளிடமே தங்கிவிட்டது. இன்றும் வீட்டுப் பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது. பரீட்சை முடிவு கைபேசியில் தெரிகிறது. நாமே கொடுத்துவிட்டு, நாமே அதைப் பாவப் பொருள் என்று தூற்றுவது நியாயமாகாது. நீச்சல் கற்பிக்காமல் பிள்ளையை ஆற்றில் இறக்கியவன், பின்னர் ஆற்றைச் சபித்து என்ன பிரயோஜனம்?

வஞ்சனை நடக்கும் விதத்தை நமது வாசகர்களில் அநேகர் சரியாக அறியமாட்டார்கள். ஆகையால் அதைச் சிறிது விவரிப்பது அவசியம். இன்ஸ்டாகிராமிலோ, பலர் கூடி ஆடும் கைபேசி விளையாட்டிலோ முதல் அறிமுகம் ஏற்படுகிறது. பேசுகிறவன் தன்னை அதே வயதுப் பெண் என்றோ பையன் என்றோ சொல்லிக்கொள்கிறான். படம் வேறொருவருடையது, பெயர் கற்பனை. சில நாட்கள் நல்ல வார்த்தைகள். வீட்டில் திட்டு வாங்கிய பிள்ளைக்கு ஆறுதல், கைபேசிக்கு ரீசார்ஜ், விளையாட்டில் ஏதேனும் வெகுமதி. பிறகு, "இங்கே வேண்டாம், வாட்ஸ்அப்புக்கு வா, டெலிகிராமுக்கு வா" என்ற அழைப்பு. பலர் காணும் தெருவிலிருந்து ஒருவரும் காணாத சந்துக்குள் அழைத்துச் செல்வது போன்றது இது. அடுத்து, "இது நமக்குள் இருக்கட்டும்" என்ற நிபந்தனை. அதற்கப்புறம் ஒரு படம் கேட்பான். அல்லது வீடியோ அழைப்பில் பேசி, அதைப் பதிவு செய்துகொள்வான். படம் கைக்கு வந்தவுடன் குரல் மாறிவிடும். பிள்ளையின் சிநேகிதர்கள், ஆசிரியர்கள், உறவினர்கள் ஆகியோருடைய கணக்குகளின் ஜாபிதாவைக் காட்டி, "பணம் அனுப்பு, இல்லையேல் எல்லோருக்கும் அனுப்புவேன்" என்பான். பணத்துக்குப் பதிலாக இன்னும் படங்களைக் கேட்பவனும் உண்டு. இப்பொழுது படமே கேட்க வேண்டியதில்லை. பள்ளி விழாவில் எடுத்த சாதாரணப் படத்தைக் கொண்டு, செயற்கை அறிவு யந்திரத்தால் பொய்யான நிர்வாணப் படம் செய்து மிரட்டுகிறார்கள்.

கவனியுங்கள்: இந்த மிரட்டலில் துஷ்டன் பிரயோகிக்கும் ஆயுதம் கத்தியுமல்ல, துப்பாக்கியுமல்ல. "உன் அப்பாவுக்குச் சொல்லிவிடுவேன்" என்பதுதான் ஆயுதம். அந்த ஆயுதத்தைச் செய்து கூர்தீட்டி அவன் கையில் கொடுத்தவர்கள் நாம்.

நமது காரைக்காலிலேயே நடந்த ஒரு சம்பவம் இங்கே சிந்திக்கத்தக்கது. 2017ஆம் வருஷம் தேசமெங்கும் "நீலத் திமிங்கிலம்" என்ற ஒரு விளையாட்டைப் பற்றிப் பெரும் பீதி பரவியிருந்தது. முகமறியாத ஒருவன் நாள்தோறும் கட்டளைகள் இட்டு, முடிவில் உயிரையே விடச் செய்கிறான் என்று சொல்லப்பட்டது. அவ்வருஷம் செப்டம்பர் மாதத்தில், காரைக்கால் பிரதேசத்தைச் சேர்ந்த 22 வயது இளைஞர் ஒருவரை விடியற்காலையில் போலீஸார் அவர் வீட்டுக்கே சென்று மீட்டார்கள். பின்னர் அவரே நிருபர்கள் முன் தோன்றி, தமக்கு நேர்ந்ததை எடுத்துரைத்தார். சிநேகிதர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு இணைப்பின் மூலம் தாம் உள்ளே சென்றதாகவும், முதல் சில நாட்கள் தம்முடைய சொந்த விவரங்களும் படங்களுமே சேகரிக்கப்பட்டதாகவும், அதன் பின்னரே நள்ளிரவுக் கட்டளைகள் வந்ததாகவும் கூறினார்.

அந்த விளையாட்டினால் தான் மரணம் நேர்ந்தது என்பது எந்தச் சம்பவத்திலும் நிலைநாட்டப்படவில்லை என்று மத்திய சர்க்கார் 2018 ஜனவரியில் பார்லிமெண்டில் தெரிவித்தனர். ஆகவே திமிங்கிலத்தின் பெயரை மறந்துவிடலாம். பூதங்களுக்குப் பெயர் வருஷத்துக்கு ஒருமுறை மாறும். மறக்கக்கூடாத விஷயங்கள் இரண்டு. முதலாவது, விவரங்களைக் கொடுத்தபின் தான் கட்டளைகள் வந்தன. இரண்டாவது, அவரைக் காப்பாற்றியது யந்திரத் தடையோ தணிக்கையோ அல்ல. உடன்பிறந்தவர் நடத்தையில் மாறுதலைக் கண்டார். வெட்கப்படாமல் போலீஸாரிடம் சொன்னார். அவர்களும் காலதாமதமின்றி வந்தார்கள். வீட்டில் ஒருவர் கவனித்தார், ஒருவர் வாய் திறந்தார் என்பதே அந்த இளைஞர் உயிரோடிருக்கக் காரணம்.

இதற்கு நேர்மாறான உதாரணம் பொள்ளாச்சி. பேஸ்புக் போன்ற தளங்களின் வழியே பழகி, பெண்களை நம்பவைத்து, பலாத்காரம் செய்து, அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்தார் மிரட்டி வந்தனர். ஒருநாள் இருநாள் அல்ல. வருஷக் கணக்காக இது நடந்தது. ஊரில் போலீஸ் நிலையம் இருந்தது, சட்டம் இருந்தது, கோர்ட்டு இருந்தது. இல்லாதது ஒன்றே: "வீட்டில் சொன்னால் என்னைக் கைவிடமாட்டார்கள்" என்ற நம்பிக்கை. 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி துணிந்து புகார் கொடுத்தாள். அந்த ஒரு வாக்கினால் கதவு திறந்தது. பின்னர் மற்றப் பெண்களும் சாட்சி சொல்ல முன்வந்தனர். 2025ஆம் வருஷம் மே மாதம் 13ந் தேதி கோயம்புத்தூர் மகளிர் கோர்ட்டு, குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது. பேசிய பெண்கள் ஜெயித்தார்கள்.

ஆனால் அந்த வழக்கின் தொடக்கத்தில் நடந்த ஒரு அநீதியை நாம் மறக்கலாகாது. புகார் கொடுத்த பெண்ணின் பெயர் போலீஸ் அதிகாரியின் வாயிலாகவே வெளிவந்தது. விசாரணையை மத்திய புலனாய்வு ஸ்தாபனத்துக்கு மாற்றிய சர்க்கார் உத்தரவிலும் அச்சாயிற்று. அந்தப் பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கும்படி சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதிகார பீடத்திலிருப்பவர்களே பெயரை மறைக்கத் தெரியாதவர்களாக இருந்தால், எந்தச் சிறுமி நம்பி வாய் திறப்பாள்?

இனி, பரிகாரம் என்று சொல்லப்படும் இரண்டு உபாயங்களை ஆராய்வோம். ஒன்று தடை, மற்றொன்று வேவு.

தடையைப் பொறுத்தவரையில், ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் ஒரு சட்டம் இயற்றிற்று. 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கலாகாது. அதைத் தடுக்கும் பொறுப்பு குழந்தையின் மீதோ பெற்றோரின் மீதோ அல்ல, கம்பெனிகளின் மீதே என்பது அதன் விதி. 2025 டிசம்பர் 10ந் தேதி அது அமலுக்கு வந்தது. அதே மாதத்தில் மதுரைக் கிளை நீதிபதிகள், அத்தகைய சட்டத்தை இந்திய சர்க்காரும் யோசிக்கலாம் என்று கூறினார்கள். இந்த யோசனையை நாம் அலட்சியம் செய்யவில்லை. பிள்ளைகளின் கவனத்தை விற்று லாபம் சம்பாதிக்கும் அந்நியக் கம்பெனிகளை அடக்கியாள்வது தேசத்தின் உரிமை மட்டுமல்ல, கடமையுமாகும். 18 வயதுக்குட்பட்டவர்களின் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்து விளம்பரம் செய்வதை நமது 2023ஆம் வருஷத்துத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில் தான் வெளியாயின. அவற்றிலும் முக்கியமானவற்றுக்கு 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. கம்பெனிகளுக்கு அவகாசம் கிடைத்துவிட்டது. குழந்தைகளுக்கு யார் அவகாசம் கொடுக்கிறார்கள் என்று கேட்க விரும்புகிறோம்.

எனினும், தடை ஒன்றே போதும் என்று எண்ணுவோருக்கு ஒரு எச்சரிக்கை. தடை செய்யப்பட்ட கணக்கைத் திருட்டுத்தனமாக வைத்திருக்கும் பிள்ளைக்கு ஆபத்து நேர்ந்தால், அது இரண்டு குற்றங்களை மறைக்க வேண்டியதாகிவிடும். முன்னர் ஒரு பூட்டுப் பூட்டியிருந்த வாய்க்கு இரண்டாவது பூட்டும் விழும். தடை சட்டத்தில் இருக்கட்டும். மன்னிப்பு வீட்டில் இருக்கவேண்டும்.

வேவு பார்ப்பதைப் பற்றி நமது அபிப்பிராயம் இன்னும் கண்டிப்பானது. பாரதியாரும், வ. வெ. சு. ஐயரும், அரவிந்தரும் புதுவையில் வசித்த காலத்தில், பிரிட்டிஷ் ரகசியப் போலீஸார் அவர்களைச் சூழ்ந்து வேவு பார்த்த சரித்திரத்தை இந்தப் பிரதேசத்து ஜனங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. வேவு பார்க்கப்படுகிறவன் தன்னை வேவு பார்ப்பவனை நம்புவதில்லை, மறைப்பதில் தேர்ச்சியடைகிறான். குழந்தைகளும் மனிதர்களே. சிறு வயதில் கைபேசியைக் கூடத்தில் வைத்து உபயோகிக்கச் செய்வதும், இரவில் பெற்றோரிடம் ஒப்படைக்கச் சொல்வதும், குழந்தை அறிய அதன் கணக்குகளை உடனிருந்து பார்ப்பதும் வேவு அல்ல, அவை ஒழுங்கு. கணக்கை அந்நியர் பார்க்காதபடி மூடிவைப்பது, அறியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாமல் தடுப்பது, இருப்பிடம் காட்டும் வசதியை நிறுத்துவது, "உதவித் தொகை வந்திருக்கிறது" என்று அழைத்து ஓடிபி கேட்பவனுக்கு அதைச் சொல்லாதிருப்பது ஆகியவற்றைப் பிள்ளையுடன் உட்கார்ந்து, பிள்ளையிடமே கற்றுக்கொண்டு செய்யலாம். தகப்பனார் மகனிடம் ஒன்று கற்றுக்கொள்வதால் கௌரவம் குறைந்துவிடாது. ஆனால் திருட்டுத்தனமாகக் கைபேசியைத் துழாவும் தகப்பனார், தம்முடைய பிள்ளைக்கும் திருட்டுத்தனத்தையே போதிக்கிறார்.

இங்கே கசப்பான உண்மை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கழனி நாட்டுக் குடும்பங்களில், பெண் ஒருத்தி கைபேசியில் யாரிடமோ பேசினாள் என்று தெரிந்தவுடன் நடப்பது என்ன? விசாரணையல்ல, தண்டனை. படிப்பு நிறுத்தப்படுகிறது, கைபேசி பறிக்கப்படுகிறது, அவசரமாக மாப்பிள்ளை தேடப்படுகிறது. 18 வயது நிறையாத பெண்ணுக்கு விவாகம் செய்வது 2006ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம் என்பதும் அந்த அவசரத்தில் மறந்துபோகிறது. பேசினவன் வேறு ஜாதி என்றால் கேட்கவே வேண்டாம். இப்படி மற்றொரு வீட்டில் நடந்ததைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுமி, தனக்கு ஆபத்து நேரும்போது வாய் திறப்பாளா? மிரட்டுகிறவன் கேட்பது ஆயிரம் ரூபாய். வீடு எடுத்துக்கொள்வதோ அவளுடைய படிப்பு முழுவதையும். இரண்டில் எது மலிவு என்று அவள் கணக்குப் போடுகிறாள். அந்தக் கணக்கில் துஷ்டன் ஜெயித்துவிடுகிறான்.

பையன்களுக்கு ஆபத்தில்லை என்று எண்ணுவதும் தவறு. பணம் பறிக்கும் மிரட்டலுக்கு உலகெங்கும் பையன்கள் ஏராளமாக ஆளாகிறார்கள். 2024 ஜூலையில் மெட்டா கம்பெனி, இத்தகைய மிரட்டலில் ஈடுபட்ட சுமார் 63,000 இன்ஸ்டாகிராம் கணக்குகளை நைஜீரியாவில் நீக்கியதாக அறிவித்தது. நண்டலாற்றங்கரையில் இருக்கும் பையனுக்கும் ஆப்பிரிக்காவில் உட்கார்ந்திருக்கும் மோசக்காரனுக்கும் நடுவே இன்று தூரம் என்பதே இல்லை. "ஆண்பிள்ளை அழலாமா?" என்று வளர்க்கப்பட்ட பையன், பெண்ணைக் காட்டிலும் அதிக மௌனமாக இருப்பான் என்பதையும் பெற்றோர்கள் உணரவேண்டும்.

இனிச் சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைக் காண்போம். இதை ஒவ்வொரு தொண்டரும் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

போக்ஸோ என்னும் 2012ஆம் வருஷத்துச் சட்டப்படி, 18 வயது நிறையாத ஆணும் பெண்ணும் குழந்தைகளே. கெட்ட எண்ணத்துடன் ஒரு குழந்தையைக் கைபேசி வழியாகவோ இணையம் வழியாகவோ அடிக்கடி தொடர்ந்து வருவதும், அதன் படத்தைக் காட்டி மிரட்டுவதும் அதில் குற்றங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி, குழந்தைகளின் ஆபாசப் படங்களை அனுப்புவதற்கு முதல் தடவையே ஐந்து வருஷம் வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அத்தகைய படத்தைப் பிறருக்கு அனுப்பாமல் தனியே வைத்துப் பார்ப்பது குற்றமல்ல என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜனவரியில் கூறிய தீர்ப்பை, அவ்வருஷம் செப்டம்பர் 23ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ரத்துச் செய்தது. ஆகவே வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு சிறுமியின் படத்தை வேடிக்கையாக மற்றவர்களுக்குத் தள்ளிவிடும் கல்லூரி மாணவனும், அதை அழிக்காமல் வைத்திருக்கும் பெரிய மனிதரும், தாங்கள் வெறும் பார்வையாளர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

படத்தை அனுப்பிவிட்ட குழந்தையோ, வஞ்சிக்கப்பட்ட குழந்தையாகவே சட்டத்தின் முன் நிற்கிறது. அதன் பெயரையும் அடையாளத்தையும் பத்திரிகைகள் வெளியிடலாகாது. வாக்குமூலம் வாங்கும் போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது. வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ வாங்கவேண்டும். கூடியவரையில் பெண் அதிகாரியாக இருக்கவேண்டும். இரவில் குழந்தையைப் போலீஸ் நிலையத்தில் வைத்திருக்கலாகாது. குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காத பெரியவர்களுக்கும், புகாரைப் பதிவு செய்யாத அதிகாரிக்கும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. குழந்தைக்கு அந்தத் தண்டனை இல்லை. சட்டம் குழந்தையிடம் இவ்வளவு மரியாதை காட்டுகிறது. நாம் அதில் பாதியாவது காட்டவேண்டாமா?

பூவம் போன்ற எல்லையூர்களுக்கு மற்றொரு விஷயம் முக்கியமானது. குழந்தை வீட்டில் இருந்தது காரைக்கால் பிரதேசம். பள்ளியோ உறவினர் வீடோ ஆற்றுக்கு அப்பால். மிரட்டியவன் எங்கோ வடநாட்டில். "இது எங்கள் சரகம் அல்ல, பாலத்தைத் தாண்டிப் போங்கள்" என்று ஜனங்களை அலையவிடுவது பழைய வழக்கம். 2024 ஜூலை 1ந் தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு அதற்கு இடம் வைக்கவில்லை. குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும், எந்தப் போலீஸ் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். பதிவு செய்துவிட்டு உரிய நிலையத்துக்கு அனுப்பவேண்டியது அவர்கள் வேலை. மின்னஞ்சல் போன்ற வழிகளிலும் தகவல் அனுப்பி, மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட்டால் போதும்.

மிரட்டல் வந்துவிட்டால் செய்யவேண்டியவை இவை: பணம் கொடுக்கக்கூடாது, ஒருமுறை கொடுத்தவனிடம் மறுமுறையும் கேட்பான். கெஞ்சக்கூடாது. பதறிப்போய்ச் செய்திகளை அழித்துவிடக்கூடாது, அவையே சாட்சியம். அவனுடைய கணக்கின் பெயர், எண், பணம் அனுப்பச் சொன்ன முகவரி, செய்திகள் ஆகியவற்றைத் திரையில் உள்ளபடியே படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு தொடர்பைத் துண்டிக்கவேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லவேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்லுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தச் சாத்தியம் உண்டு. குழந்தைகளின் உதவிக்கென்றே 1098 என்ற எண் இருக்கிறது, குழந்தையே பேசலாம். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில், பெண்கள் குழந்தைகள் சம்பந்தமான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம். அமெரிக்காவிலுள்ள குழந்தைகள் பாதுகாப்பு ஸ்தாபனம் ஒன்று 2023 முதல் "டேக் இட் டவுன்" என்ற இலவச வசதியை நடத்துகிறது. அதில் படத்தை யாரிடமும் அனுப்பவேண்டியதில்லை. படத்தின் கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும் கைபேசியிலேயே தயாராகி அனுப்பப்படும். அதைக் கொண்டு, இதில் சேர்ந்துள்ள தளங்கள் அந்தப் படத்தைக் கண்டு நீக்குகின்றன. மனமுடைந்து விபரீத எண்ணம் கொள்ளும் பிள்ளையைத் தனியே விடலாகாது; 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

இத்தனை எண்களும் சுவரில் எழுதி வைக்கத் தகுந்தவையே. ஆனால் எண்ணை அழுத்தும் விரலுக்குத் தைரியம் எங்கிருந்து வரும்? வீட்டிலிருந்துதான் வரவேண்டும்.

தேசத் தொண்டில் ஈடுபட்டிருக்கும் நண்பர்களுக்கு நமது விண்ணப்பம் இது. எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களானாலும், இத்தகைய வழக்கைத் தேர்தல் ஆயுதமாக்காதீர்கள். நியாயம் கேட்கிறேன் என்ற பெயரில் படத்தையோ பெயரையோ பரப்பாதீர்கள். அது மிரட்டியவன் ஆரம்பித்த வேலையை நீங்கள் பூர்த்தி செய்வதாகும். சமாதானம் பேசி மறைத்துவிடும் பஞ்சாயத்துக்குத் துணை போகாதீர்கள். ஊருக்கு இரண்டு பேர், அவர்களில் ஒருவராவது பெண்ணாக, குழந்தைகள் நம்பிச் சொல்லக்கூடியவர்களாக இருக்கட்டும். போலீஸ் நிலையத்துக்குத் துணைக்குப் போகட்டும். கேட்டதை வெளியே சொல்லாதிருக்கட்டும். கொடி ஏற்றுவதும் கூட்டம் போடுவதும் மாத்திரம் தேசத் தொண்டாகிவிடாது.

அச்சத்தை ஒழிப்பதே சுதந்திரத்தின் முதற்படி என்று மேடைதோறும் பேசுகிறோம். அந்நியன் ஆண்ட காலத்தில், அவனுடைய பலத்தைக் காட்டிலும் நம்முடைய பயமே நம்மை அடிமைகளாக வைத்திருந்தது. இன்று நம் பிள்ளைகளின் விஷயத்திலும் கதை அதுவே. ஊரையே பயமின்றி எதிர்த்து நிற்கும் வீரர், தம்முடைய வீட்டில் பதினான்கு வயது மகள் தம் காலடி ஓசைக்கு நடுங்குவதைப் பெருமையாக எண்ணுவாரானால், அவர் பேசும் சுதந்திரத்துக்கு அர்த்தம் என்ன?

நம்மிடம் வந்த அந்தப் பெரியவருக்கு நாம் சொல்லியனுப்பிய யோசனை ஒன்றுதான். "கைபேசியை உடைக்க வேண்டாம், ஒளிந்து பார்க்கவும் வேண்டாம். இன்று இரவு சாப்பாடு ஆனபின், மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள்: 'நீ தவறே செய்திருந்தாலும் என்னிடம் சொல். அடிக்கமாட்டேன். படிப்பை நிறுத்தமாட்டேன். முதலில் உன்னைக் காப்பாற்றுவேன். மற்றதைப் பிறகு பேசுவோம்.'" அவர் தயங்கினார். "இப்படியெல்லாம் நாங்கள் பேசிப் பழக்கமில்லையே, ஐயா" என்றார். உண்மைதான், நம்மில் பெரும்பாலோருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. ஆயினும் அவர் முயன்று பார்ப்பதாகச் சொல்லி, தரங்கம்பாடி பஸ் ஏறிப் போனார். வாசகர்களும் இன்று இரவே தங்கள் வீட்டில் அதை முயன்று பார்க்கவேண்டும் என்பது நமது வேண்டுகோள்.